காட்டை வெட்டினால் மலேரியாக் கொசு கூடுமா, குறையுமா?

மே 4
வாசகர் ஒருவர் கேட்டது, அப்படியே தருகிறேன்: “கொசுவுக்கு நிழலும் ஈரமும் வேண்டும். காட்டை வெட்டி வெயில் பட வைத்தால் கொசு ஒழியத்தானே வேண்டும்? காடழிப்பால் மலேரியா கூடுகிறது என்று எழுதுகிறார்களே, இது மரம் வளர்ப்பவர்கள் கட்டிவிட்ட கதையா?”

மே 4, இரவு
கதை இல்லை. ஆனால் எல்லா ஊருக்கும் பொருந்துகிற சூத்திரமும் இல்லை. எந்தக் கொசு என்று கேட்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. மனிதருக்கு மலேரியாவைப் பரப்புவது அனாஃபிலிஸ் என்ற கொசுப் பேரினம். அதில் ஏறக்குறைய 500 இனங்கள். அவற்றில் மலேரியாவைப் பெரிய அளவில் பரப்புவது 30, 40 தான். ஒவ்வொன்றும் முட்டையிடத் தேடும் தண்ணீர் வேறு. ஆப்பிரிக்காவின் காம்பியே என்ற இனத்துக்கு வெயில் விழுகிற சின்னக் குட்டை போதும். அதே கண்டத்து ஃபுனெஸ்டஸுக்குச் செடி அடர்ந்த, வற்றாத தண்ணீர் வேண்டும். தென்கிழக்காசியாவின் டைரஸ் காட்டு நிழலில் தேங்கும் சிறு குழிகளில் பிறக்கிறது. நிலம் மாறும்போது ஒரு தண்ணீர் போகிறது, இன்னொன்று வருகிறது. போனது யாருடைய தண்ணீர், வந்தது யாருடைய தண்ணீர்? இதைப் பார்க்காமல் “கூடும்”, “குறையும்” என்று அடித்துச் சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

மே 5
கேள்வி கேட்டவர் சொன்னது அப்படியே நடந்த இடமும் உண்டு. மலாயாவில் கிள்ளான் நகரம், பக்கத்தில் 1901-இல் திறந்த ஸ்வெட்டன்ஹாம் துறைமுகம். காய்ச்சல் ஆட்களைச் சாய்த்தது. மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் சதுப்புக் காட்டை வெட்டவைத்து, வடிகால் தோண்டவைத்தார். மலேரியா விழுந்தது. அங்கே நோயைப் பரப்பியது அம்புரோசஸ் என்ற நிழல் விரும்பி. அதன் இருட்டுத் தண்ணீர் போனதும் அதுவும் போய்விட்டது.

சரி, இதே மருந்தை மலைச்சரிவுத் தோட்டங்களுக்குக் கொடுத்தால்? அங்கே ஓடைக்கரை மரங்களை வெட்டியதும் மலேரியா ஏறியது. வெயில் விழும் தெளிந்த ஓடை மாக்குலாட்டஸ் என்ற இனத்துக்குத் தொட்டில். அப்புறம் ஓடைத் தண்ணீரை மண்ணுக்கடியில் குழாய் போட்டு இறக்க வேண்டி வந்தது, எண்ணெய் தெளிக்க வேண்டி வந்தது. ஒரே மனிதர், ஒரே நாடு, ஒரே கோடாரி. சமவெளியில் ஒரு விடை, மலையில் நேர்மாறான விடை.

எந்த இனம் நோயைப் பரப்புகிறதோ அதன் தண்ணீரை மட்டும் குறிவைத்துக் கெடுப்பது என்ற முறை இப்படிப்பட்ட அனுபவங்களிலிருந்துதான் வந்தது. நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்றும் “கொசு ஒழிப்பு” என்று பொத்தாம்பொதுவாகப் பலகை வைக்கிறோம்.

மே 8
“காட்டுக்குள் கொசு மொய்க்கிறதே, வெளியில் அவ்வளவு இல்லையே” என்று இன்னொருவர். காட்டில் மொய்ப்பவை பெரும்பாலும் மலேரியாவோடு சம்பந்தமே இல்லாதவை.

கொசுப்புழு எடுக்கும் வேலையில் இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். புதிதாக வருகிறவர்கள் நேராகப் பெரிய குளத்துக்குத்தான் போவார்கள், நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். முகவையால் மொண்டு வெள்ளைத் தட்டில் ஊற்றினால் மீன்குஞ்சு, நீர்வண்டு, தட்டானின் இளம்பூச்சி எல்லாம் நெளியும், அனாஃபிலிஸ் புழு மட்டும் தேடினாலும் கிடைக்காது. குளத்துக்குப் போகும் வண்டிப்பாதையில், டயர் அழுத்திய தடத்தில் நாலு விரல் ஆழத்துக்குக் கலங்கிய தண்ணீர் நிற்கும். அதில் மொண்டால் தட்டு முழுக்கப் புழு. மாட்டுக் குளம்படியிலும் அதே கதை.

காரணம் எளிது. பழைய தண்ணீரில் தின்கிறவர்கள் குடியேறிவிட்டார்கள். நேற்று பெய்த மழையில் பிறந்த குட்டையில் இன்னும் யாரும் வரவில்லை. வெயில் பட்டால் பாசி வளரும், அதுதான் புழுவுக்குச் சாப்பாடு. தண்ணீர் சூடானால் முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். குட்டை வற்றுவதற்குள் வேலை முடிந்துவிடும். காடு வெட்டும்போது எங்கும் முளைப்பது இந்த மாதிரித் தண்ணீர்தான்: லாரித் தடம், வேரோடு பிடுங்கிய மரத்தின் குழி, சாலைக்கு மண் எடுத்த பள்ளம், மதகு சரியாக வைக்காத பாலத்தடி.

மே 8, சற்றுப் பிறகு
அனாஃபிலிஸ் புழுவை எப்படி அடையாளம் காண்பது என்று கேட்டவருக்கு: தண்ணீர் மட்டத்தோடு ஒட்டிப் படுத்திருக்கும். மற்ற கொசு வகைகளான க்யூலெக்ஸ், ஏடிஸ் புழுக்கள் தலைகீழாகத் தொங்கும், வால் பக்கம் மூச்சுக்குழல் நீட்டியிருக்கும். நிழல் விழுந்தால் எல்லாமே அடியில் ஓடிவிடும். எனவே சூரியன் உங்கள் முகத்துக்கு நேராக இருக்கும்படி நில்லுங்கள்.

மே 9
அமேசான். இந்த விவாதத்தில் எல்லாரும் கடைசியில் வந்து நிற்கும் இடம்.

பெரு நாட்டில் இக்கிட்டோஸிலிருந்து நவுட்டாவுக்குச் சாலை போட்டார்கள். சாலையோரம் காடு போனது, குடியிருப்பு வந்தது, மலேரியா கிளம்பியது. அங்கே நடந்த ஆய்வு 2006-இல் வெளிவந்தது. காடு வெட்டிய இடங்களில் டார்லிங்கி கொசு மனிதரைக் கடிக்கும் வீதம், காடு மிஞ்சிய இடங்களைவிட 278 மடங்குக்கும் மேல். “ஆள் கூடினால் கடியும் கூடத்தானே செய்யும்” என்று உடனே கேட்பீர்கள். மக்கள் அடர்த்தியைக் கணக்கில் கொண்ட பிறகும் வேறுபாடு நின்றது.

டார்லிங்கிக்குக் காட்டின் நடு இருட்டும் வேண்டாம், மொட்டை வெளியும் வேண்டாம். ஓரம் வேண்டும். பாதி நிழல், பாதி வெயில், மெதுவாக நகரும் தண்ணீர், பக்கத்தில் தூங்கும் மனிதர். காட்டை ஒரேயடியாக வெட்டுவதில்லை, துண்டு துண்டாகத்தான் வெட்டுகிறார்கள். துண்டாக்கினால் ஓரம் பெருகும். எவ்வளவு பரப்பு வெட்டினோம் என்பதைவிட எவ்வளவு நீளத்துக்கு ஓரம் உண்டாக்கினோம் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

மே 9, இரவு
மேலே எழுதியதில் காலத்தை விட்டுவிட்டால் படம் கோணலாகத் தெரியும். அமேசானில் இதற்கு “எல்லைப்புற மலேரியா” என்றே பெயர். குடியேறிய முதல் சில வருடங்கள் நோய் ஏறும். தகரமும் பலகையும் போட்ட, சுவர் பாதியிலேயே நிற்கும் குடிசை. நோயெதிர்ப்பு இல்லாத வெளியூர் ஆட்கள். மருந்தகம் எங்கோ. பிறகு வீடு வீடாகிறது, வயல் வயலாகிறது, காட்டோரம் தள்ளிப் போகிறது, நோய் இறங்குகிறது. எனவே ஒரே ஊரில் மூன்றாவது வருடம் போனவரும் பதினைந்தாவது வருடம் போனவரும் இரண்டு எதிர்மாறான கட்டுரை எழுதலாம். இரண்டும் சரியாக இருக்கும்.

இன்னொன்று. 2019-இல் வந்த பிரேசில் அமேசான் ஆய்வு ஒன்று இரண்டு பக்கமும் பார்த்தது. காடழிப்பு 10% கூடினால் மலேரியா 3.3% கூடுகிறது. அதே சமயம், மலேரியா கூடினால் காடு வெட்டுவது குறைகிறது! கோடாரி பிடிக்கிறவன் காய்ச்சலில் படுத்துவிடுகிறான். கொசுதான் காட்டின் காவல்காரன் என்று எங்கள் கூட்டத்தில் ஒருவர் பழைய ஜோக் அடிப்பார். அதற்குப் புள்ளிவிவர ஆதரவு கிடைக்கும் என்று அவரே எதிர்பார்த்திருக்க மாட்டார்.

மே 12
தண்ணீரைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். வெப்பத்தை விட்டுவிட்டோம்.

கொசு நோயாளியைக் கடித்த உடனே ஆபத்தானதாகிவிடாது. மலேரியாவை உண்டாக்கும் ஒட்டுண்ணி அதன் வயிற்றில் வளர்ந்து எச்சில் சுரப்பிக்கு வந்து சேர வேண்டும். அந்த ஒட்டுண்ணிகளில் ஒன்றான ஃபால்சிபாரத்துக்கு ஒரு பழைய கணக்கு உண்டு: 111-ஐ, வெப்பநிலையிலிருந்து 16-ஐக் கழித்து வருவதால் வகுங்கள். வருவது நாட்கள். 20 டிகிரியில் 28 நாள். 22 டிகிரியில் 18, 19 நாள். 25-இல் 12 நாள்.

இப்போது கொசு தினமும் பத்துக்கு ஒன்று சாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 28 நாள் தாக்குப்பிடிப்பவை நூற்றுக்கு ஐந்து. 18, 19 நாள் என்றால் பதினான்கு, பதினைந்து. இரண்டே டிகிரி, ஏறக்குறைய மூன்று மடங்கு. கொசு எண்ணிக்கை ஒன்றுகூடக் கூடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

மேற்குக் கென்யாவின் மலைப்பகுதிகளில் இதுதான் நடந்தது. மரங்கள் போன இடத்தில் வீட்டுக்குள்ளேயே வெப்பம் கூடியது. கொசு குடித்த ரத்தம் சீக்கிரம் செரித்தது, அடுத்த கடிக்குச் சீக்கிரம் வந்தது. உகாண்டாவின் கபாலே பகுதியில் பாப்பிரஸ் கோரை நிறைந்த சதுப்புகளை அழித்து வயலாக்கிய இடங்களில், இயற்கையாக விட்ட சதுப்புகளைவிட வெப்பம் கூடுதலாக இருந்தது. குளிர்ந்த மலையில் அந்தச் சிறு வேறுபாடுதான் கொள்ளைநோய்க்கும் நிம்மதிக்கும் நடுவில் நிற்கும் வேலி.

மே 13
நேற்றைய கணக்கை எல்லா ஊருக்கும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். ஏற்கெனவே சூடான சமவெளியில் மரத்தை வெட்டி இன்னும் இரண்டு டிகிரி ஏற்றினால் கொசுவுக்கே ஆபத்து. மலேரியா பரவ வசதியான வெப்பம் 25 டிகிரி வாக்கில்தான். அதைத் தாண்டினால் சரியத் தொடங்கும். காற்று உலர்ந்தாலும் கொசுவின் ஆயுள் குறையும். அதனால்தான் முதல் நாள் கேட்ட வாசகரைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. அவர் சொன்ன ஈரம் உண்மையிலேயே முக்கியம். கொசுவுக்கு அதைத் தேடிக்கொள்ளத் தெரியும், அவ்வளவுதான். வெளியே காய்ந்தால் வீட்டு மூலைக்கு வந்து உட்காரும்.

மே 17
நெல் வயலைப் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

1930களில் மேட்டூர் அணைத் தண்ணீர் காவிரிப் பாசனத்துக்குப் போன பிறகு, பட்டுக்கோட்டைப் பக்கம் மலேரியா பெரிய தொல்லையானது. பால் ரஸ்ஸல் என்ற அமெரிக்க ஆய்வாளர் அங்கே இருந்து வேலை பார்த்தார். அவர்கள் கவனித்தது: கியூலிசிஃபேசிஸ் கொசு நடவு முடிந்த புதிதில், தண்ணீர் திறந்து கிடக்கும்போது வயலில் முட்டையிடுகிறது. பயிர் உயர்ந்து அடர்ந்ததும் வருவது நின்றுவிடுகிறது. நிழலாலா, அல்லது பயிர் குறுக்கே நிற்பதாலா? பயிருக்குப் பதிலாகக் குச்சிகளை நட்டுப் பார்த்தார்கள். குச்சி நின்றாலே கொசு வரத் தயங்கியது. அந்தக் கொசு முட்டையிடும்போது தண்ணீர்மேல் ஆடி ஆடிப் பறக்கும், இறங்க இடம் வேண்டும். கொசு ஆராய்ச்சியில் எனக்கு மிகப் பிடித்த சோதனை இது. கருவி என்று எதுவுமே இல்லை, யோசனைதான்.

ஆக “நெல் வயல்” என்று ஒரே வாழிடம் கிடையாது. நடவு வயலில் ஒரு கொசு, பால் பிடிக்கும் வயலில் வேறு கொசு, அறுத்த பிறகு வாய்க்காலில் இன்னொன்று.

ஆப்பிரிக்காவில் இதற்கு ஒரு புதிரே உண்டு. பாசன நெல் ஊர்களில் கொசு பல மடங்கு, மலேரியாவோ பக்கத்து ஊரைவிடக் கூடுதல் இல்லை, சில இடங்களில் குறைவு. நெல் வந்த வீட்டில் காசு வந்தது, கொசுவலை வாங்கினார்கள், மருந்து வாங்கினார்கள். சில இடங்களில் மாட்டையும் கடிக்கும் அராபியென்சிஸ், மனிதரையே நாடும் ஃபுனெஸ்டஸின் இடத்தைப் பிடித்தது. ஆனால் நோய் அரிதாக இருந்த, மக்களிடம் எதிர்ப்பு இல்லாத பகுதிகளில் பாசனம் வந்தபோது மலேரியா ஏறவே செய்தது.

மே 17, மாலை
அந்தப் புதிரை இன்னும் பழைய வடிவத்திலேயே மேற்கோள் காட்டுகிறார்கள். 2022-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு 2003-க்கு முன்னும் பின்னும் பிரித்துப் பார்த்தது. முன்பு வேறுபாடு இல்லை. பின்பு, நெல் ஊர்களில் மலேரியா கூடுதல். பக்கத்து ஊர்களுக்கும் வலை வந்துவிட்டதால் நெல் ஊரின் பழைய சலுகை போய்விட்டது என்பதுதான் பொருத்தமான விளக்கம். நிலம் மாறவில்லை, சுற்றியிருந்த மனிதர்களின் நிலைமை மாறியது.

மே 18
மக்காச்சோளமும் குற்றவாளியா என்று நக்கலாகக் கேட்டவருக்கு: ஆமாம். எத்தியோப்பியாவில் அதன் மகரந்தம் குட்டைகளில் விழுந்து அராபியென்சிஸ் புழுவுக்கு உணவாகிறது என்று காட்டியிருக்கிறார்கள். நக்கலடிக்கும் முன் யோசியுங்கள்.

மே 21
அணைகள். 2015-இல் வெளியான கணக்குப்படி, சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவில் பெரிய அணைகளை ஒட்டி வருடத்துக்குக் குறைந்தது 11 லட்சம் மலேரியா நோயாளிகள். நீர்த்தேக்கத்தின் நடுவில் கொசு பிறப்பதில்லை. அலை அடிக்கும், மீன் இருக்கும். பிரச்சினை கரை. கரை செங்குத்தாக இருந்தால் தப்பித்தோம். தட்டையான கரையில் தண்ணீர் மெல்ல இறங்கும்போது நூற்றுக்கணக்கான குட்டைகளை விட்டுவிட்டுப் போகும்.

இதற்கு மருந்து அணையிலேயே இருக்கிறது. அமெரிக்காவில் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் 1930கள் முதல் நீர்த்தேக்க மட்டத்தைத் திட்டமிட்டு ஏற்றி இறக்கியது. கரைச்செடிகளுக்குள் ஒளிந்திருந்த புழுக்கள் காய்ந்த தரையில் மாட்டிக்கொண்டு செத்தன. 1940களின் இறுதியில் அங்கே மலேரியா ஏறக்குறைய இல்லை. மதகைத் திறக்கும் பொறியாளரும் கொசு படிக்கிறவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தது அங்கேதான். இப்போதும் எத்தனை இடத்தில் அப்படி உட்காருகிறார்கள்?

மே 22
அணைக்குக் கீழேயும் பாருங்கள். ஆறு ஓடினால் புழு அடித்துக்கொண்டு போகும், ஓட்டம் நின்றால் மணலிலும் பாறைக்குழியிலும் தண்ணீர் தேங்கும். இது அணையால்தான் நடக்க வேண்டும் என்பதில்லை. இலங்கையில் 1934-இல் பருவமழை பொய்த்து, எப்போதும் ஓடும் ஆறுகள் குட்டைச் சங்கிலிகளாகின. கியூலிசிஃபேசிஸ் பெருகியது. 1934–35 கொள்ளைநோயில் ஏறக்குறைய 80,000 பேர் இறந்தார்கள். அடி விழுந்தது, மலேரியா அதிகம் பழகாத ஈரமான பகுதிகளில். காலங்காலமாகக் காய்ச்சலோடு வாழ்ந்த வறண்ட பகுதி மக்களிடம் ஓரளவு எதிர்ப்பு இருந்தது. மழை வந்தால் மலேரியா என்று பாடமாகப் படித்தவர்களுக்கு இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள்.

2016-இல் இலங்கை மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. ஆறு அதே ஆறு, கியூலிசிஃபேசிஸும் இருக்கிறது. ஒட்டுண்ணியைத் துரத்திவிட்டார்கள். நிலம் மாறினால் கொசு மாறும் என்று பேசிக்கொண்டே போகும்போது இதை மறந்துவிடுகிறோம். நோயாளியைத் தேடிப் பிடித்து மருந்து கொடுத்தால், கொசு வெறும் கொசுதான்.

மே 26
“அப்படியானால் மரம் நட்டு நிழலாக்கிவிட்டால்?” என்று ஒருவர்.

வேலை செய்யும், ஆள் பார்த்து. அசாம் தேயிலைப் பகுதிகளில் மினிமஸ் என்ற கொசு வெயில் படும் ஓடையோரத்தில் வளரும். வாய்க்கால்மேல் அடர்ந்த செடி வளர்த்து மூடியபோது அது பின்வாங்கியது. மேற்குக் கென்யாவில் வடிகாலோரம் நேப்பியர் புல் வளர்த்து நிழலாக்கியபோதும் காம்பியே குறைந்தது.

இப்போது டிரினிடாட்டுக்கு வாருங்கள். கோகோச் செடிக்கு நிழல் தர உயரமான மரங்களை நட்டார்கள். அந்த மரக்கிளைகளில் புரோமிலியாட் என்ற செடி ஒட்டி வளர்ந்தது. அதன் இலைக்கிண்ணத்தில் மழைநீர் நின்றது. அதில் பெல்லாட்டர் கொசு பிறந்தது. தரையில் குட்டையே இல்லாமல் தலைக்கு மேலிருந்து மலேரியா! 1940களில் மரத்துக்குத் தாமிர சல்பேட் தெளித்து அந்தச் செடிகளை ஒழித்தார்கள். தரையிலேயே மொண்டுகொண்டிருந்த என்னைப் போன்றவர்கள் அங்கே போயிருந்தால் கழுத்து வலிதான் மிச்சம்.

தென்கிழக்காசியாவிலும் காடு போனதும் டைரஸ் குறைந்தது, ரப்பர் தோட்டங்கள் முதிர்ந்து நிழல் கட்டியதும் சில இடங்களில் திரும்பி வந்தது. செயற்கைக்கோள் படத்தில் அந்த இடம் பச்சையாகத்தான் தெரியும். காடா தோட்டமா என்று கொசு கேட்பதில்லை, குழியில் நிழல் விழுகிறதா என்று பார்க்கிறது.

ஜூன் 2
குரங்கு மலேரியாவை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று திட்டியவருக்கு. மலேசியாவில் 2018 முதல் உள்ளூரில் பரவும் மனித மலேரியா இல்லை. ஆனால் குரங்குகளிடமிருந்து வரும் நோலேசி ஒட்டுண்ணி தொடர்கிறது. சபா மாநிலத்தில் காடு துண்டாகி எண்ணெய்ப்பனை வரும் இடங்களில் குரங்கு, பாலபாசென்சிஸ் கொசு, தோட்டத்து ஆள் மூவரும் ஒரே ஓரத்தில் சந்திக்கிறார்கள். இங்கே நோயாளிக்கு மருந்து கொடுத்தால் போதும் என்று நான் மே 22-இல் சொன்னது எடுபடாது. குரங்குக்கு யார் மாத்திரை கொடுப்பது?

ஜூன் 3
நகரம் வந்தால் மலேரியா போய்விடும் என்ற நம்பிக்கையும் பொதுவாகச் சரிதான். அனாஃபிலிஸுக்குச் சாக்கடை ஆகாது. ஒரே ஒரு பெரிய விதிவிலக்கு, ஸ்டெஃபென்சி. கிணறு, மேல்நிலைத் தொட்டி, கட்டடம் கட்டுகிறவர்கள் தேக்கும் தண்ணீர் எல்லாம் அதற்கு வீடு. தெற்காசியாவிலும் அரபுப் பக்கத்திலும் இருந்தது 2012-இல் ஜிபூட்டியில் பிடிபட்டது. பிறகு எத்தியோப்பியா, சூடான், நைஜீரியா, கென்யா. 2016 இறுதியில் மன்னாரிலும். மற்ற இனங்கள் மழைக்காலத்துக்குக் காத்திருக்கும், இது கோடையிலும் தொட்டியில் வளரும். குழாயில் தண்ணீர் ஒழுங்காக வராத நகரம் தானாகவே தொட்டிகளை வைத்துக்கொள்ளும், அந்தத் தொட்டிகளை மூடியில்லாமல் விட்டால் அதுவும் நிலமாற்றம்தான்.

ஜூன் 7
சாலை ஒப்பந்த வேலையில் இருக்கும் வாசகர் ஒருவர், “இவ்வளவும் சரி, நான் என்ன செய்ய?” என்று கேட்கிறார். உங்கள் கையில் இருப்பது மண் எடுத்த பள்ளங்கள். மழைக்கு முன் நிரப்புங்கள், முடியாவிட்டால் ஒரு பக்கம் வெட்டி வடியவிடுங்கள். மதகுகளை ஓடையின் அடிமட்டத்துக்குச் சரியாக வையுங்கள். ஒரு சாண் உயர்ந்தாலும் மேல்பக்கம் குட்டைதான். தொழிலாளர் குடிசைகளைக் காட்டோரத்திலிருந்தும் ஓடையிலிருந்தும் தள்ளிப் போடுங்கள். வெளியூரிலிருந்து வரும் ஆட்களுக்குக் காய்ச்சல் என்றால் அன்றே ரத்தப் பரிசோதனை. அந்தப் பகுதியில் எந்த இனம் நோயைப் பரப்புகிறது என்று மாவட்ட சுகாதாரப் பூச்சியியலாளரிடம் கேட்டுவிட்டு ஓடைக்கரை மரத்தில் கை வையுங்கள்.